லோமே: நான் பார்க்காத தலைநகரம்

காலை ஆறு நாற்பது. கதவுத் துளையில் கண்ணை வைத்தபோது முதலில் தெரிந்தது அச்செழுத்து. யாரோ ஒரு பத்திரிகைப் பக்கத்தைத் துளைக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பில் பாதி தெரிந்தது. அது நான் எழுதிய கட்டுரை.

பேர்லினின் நொய்கெல்னில் அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் முதலில் பொலிஸ் என்றுதான் நினைப்போம். எனக்குப் பின்னால் வரவேற்பறைச் சோபாவில் குகன் போர்வைக்குள் படுத்திருந்தான். பதிவின்படி அவன் நகரத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள அகதி விடுதியில் இருக்க வேண்டும். கையைக் காட்டி, அசையாதே என்றேன்.

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. நான் கொலோனில இருந்து வாறன். பேர் சாந்தினி. பத்திரிகைக்காரர்தான் விலாசம் தந்தவர்." பத்திரிகை கீழே இறங்கியது. நாற்பதை நெருங்கும் பெண். பேருந்து இருக்கையின் தையல் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது. நெற்றியில் குங்குமம் புதிதாக இருந்தது. பேருந்து நிலையக் கழிப்பறைக் கண்ணாடியில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்தவர் உட்காரவில்லை. பக்கத்தின் நடுவில் ஒரு வரியை விரலால் தொட்டார்.

"இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஒரு பக்கக் கட்டுரை

அந்தக் கோடையில் உலகக் கிண்ணக் கால்பந்து ஜெர்மனியில் நடந்தது. டோகோ என்ற சிறிய நாடு முதல் தடவையாகத் தகுதி பெற்றிருந்தது. அவர்களுடைய ஆட்டம் ஒன்று கொலோனில். கொலோனிலிருந்து தமிழில் ஒரு பத்திரிகை நடத்தியவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "எங்கட சனம் டோகோ எண்டா என்ன எண்டு கேக்குது. தலைநகரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாங்கோ."

எனக்கு இது பழகிய வேலை. யாழ்ப்பாணத்தில் செய்திப் பிரிவில் இருந்த காலத்தில், மின்சாரமும் இல்லாமல் கப்பலும் வராமல் இருந்த மாதங்களில், பக்கம் நிரப்ப உலகத் தலைநகரங்களை எழுதினேன். நைரோபி, அடிஸ் அபாபா, இன்னும் எத்தனையோ ஊர்கள். குப்பி விளக்கில், அட்டை கிழிந்த ஒரு கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதியவை. குடாநாட்டை விட்டு அதுவரை நான் வெளியே போனதில்லை. எந்த ஊருக்கும் ஓர் ஆறு, ஒரு சந்தை, ஒரு ஏற்றுமதிப் பொருள் இருக்கும். அதை வைத்து ஒரு பக்கம் எழுதிவிடலாம். எங்கள் ஆசிரியர் அதை உப்பில்லாச் சோறு என்பார். ஆனாலும் அச்சில் போடுவார்.

லோமேயையும் அப்படித்தான் தொடங்கினேன். நூலகத்தில் எடுத்த குறிப்புகள்: ஒரு காலத்தில் ஜெர்மானியரின் குடியேற்ற நாடு. கடலோரத் தலைநகரம். ஜெர்மானியர் கட்டிய இரட்டைக் கோபுரத் தேவாலயம், ரயில் பாதை, கடலுக்குள் நீளும் இறங்குபாலம்.

சமையலறை மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். குகன் எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் ஒரே உணவகத்தில் வேலை செய்தோம். அவனுக்கு முப்பது வயது இருக்கும். தாளை ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"பாலம் நீளேல்லை அண்ணை. உடைஞ்சு போச்சு. கடலுக்க கால் மட்டும் நிக்குது. அதில கொக்கு மாதிரி ஏதோ குருவி இருக்கும்."

நான் பேனையை நிறுத்தாமல் எழுதினேன்.

கேட்காத கேள்வி

இதை இந்தியாவில் உள்ள வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் சமையலறைகளில் ஒருவனிடம் அவன் ஊரைக் கேட்கலாம். சம்பளத்தைக் கேட்கலாம். ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டு உயிரை வாங்கலாம். வந்த வழியைக் கேட்பதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. தஞ்ச விண்ணப்பத்தில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்லியிருப்போம். கொழும்பில் விமானம் ஏறினேன், ஏஜென்ட் கூட வந்தார், எந்த ஊரில் மாறினோம் என்று தெரியாது, பாஸ்போர்ட்டை அவரே வாங்கிக்கொண்டார். ஏஜென்ட்மார் மனப்பாடம் செய்வித்து அனுப்பும் கதை இது. இதில் ஒரு சொல் மாறினாலும் மற்றதெல்லாம் பொய் என்று அதிகாரி எழுதுவார். குகனும் அதைத்தான் சொல்லியிருந்தான். வழக்கறிஞரின் அறையில் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தது நான். முதல் முடிவு நிராகரிப்பு. மேன்முறையீட்டுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது.

பேர்லினில் வெடிங் பகுதியில் டோகோவின் பெயரில் ஒரு தெரு உண்டு. குகன் கொஞ்சக் காலம் அங்கே ஒரு கட்டடத்தில் படி கழுவினான். அந்தத் தெருவுக்குப் பெயர்ப் பலகை இல்லாதது போலவே வந்து போனான்.

ஆனால் அந்த வெங்காய மாலையில் வாய் திறந்தது. வந்த வழியை நான் கேட்கவில்லை. அவனும் தான் அங்கே இருந்ததாகச் சொல்லவில்லை.

ஊர்

லோமே நாட்டின் ஒரு மூலையில் இருக்கிறது. மேற்கே நடந்தால் ஊர் முடியும் இடத்தில் கானா எல்லை. சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டு நடந்தே எல்லைக்குப் போய்விடலாம். "தலைநகரத்தைக் கொண்டுபோய் வேலியில கட்டி வைச்சிருக்கிறாங்கள்" என்றான் குகன்.

தெற்கே கடல். கரை முழுவதும் தென்னை. பார்த்தால் எங்கள் ஊர்க் கடற்கரை என்று நினைக்கத் தோன்றும். இறங்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். ஊர்க்காரர் குளிப்பதில்லை. காலையில் கரைவலை இழுப்பார்கள், ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரு கயிற்றில். வடக்கே வாவி. அதற்கும் அப்பால் மழை பெய்தால் வெள்ளம் நிற்கும் குடியிருப்புகள். பெரிய வீதிகளுக்குத் தார் உண்டு. உள்வீதிகள் மணல், செருப்பு புதையும்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிச் சந்தை. துணி விற்கும் பெண்களின் ராச்சியம். ஊரில் முதன்முதல் பென்ஸ் கார் வாங்கியவர்கள் அவர்கள்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. டாக்சி என்றால் மோட்டார்சைக்கிள். பின்னால் மூன்று பேர் ஏறலாம், நாலாவதாக ஆடும் ஏறலாம். மார்கழி, தை மாதங்களில் பாலைவனத்துத் தூசி வந்து இறங்கும். உதடு வெடிக்கும், சூரியன் பால் ஊற்றியது போல வெளிறும்.

பிள்ளைகள் வெளிநாட்டாரைக் கண்டால் "யோவோ, யோவோ" என்று பின்னால் ஓடிவரும். வெள்ளைக்காரன் என்று பொருள். "சீவியத்தில என்னை வெள்ளைக்காரன் எண்டு கூப்பிட்ட ஒரே ஊர்" என்று சொல்லிவிட்டு, அவன் அவசரமாகச் சேர்த்தான்: "எண்டு ஒரு பெடியன் சொன்னவன்."

ஜனாதிபதி இறந்து மகன் ஆட்சிக்கு வந்தபோது தெருக்களில் டயர் எரிந்தது. அப்போது ஏஜென்ட் வழியில் வந்து அங்கே காத்து நின்ற தமிழர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்டேன்.

"ஊரடங்கு எங்கட ஆக்களுக்குப் புதுசோ? கதவைப் பூட்டிப்போட்டுக் கடதாசி விளையாடியிருப்பாங்கள்."

கடைசியாக அவன் சொன்னது ஒரு முடிவெட்டும் கடையைப் பற்றி. அங்கே கடைகளுக்குப் பலகையில் படம் வரைவார்கள். இந்தக் கடைப் பலகையில் வரிசையாகத் தலைகள், விதவிதமான வெட்டுகள். அவற்றில் ஒரு தலைக்குக் காது இல்லை. நிறம் முடிந்துவிட்டதாம். கடைக்காரர் பிறகு நிறம் வாங்கவே இல்லை.

அதை அப்படியே எழுதினேன். பத்திரிகைக்காரனுக்கு அப்படி ஒரு வரி கிடைத்தால் விட மனம் வராது. கட்டுரை வந்தது. டோகோ கொலோனில் தோற்றது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

காது

சாந்தினியின் விரல் அந்த வரியில் இருந்தது.

"இது புத்தகத்தில இருக்காது அண்ணை. எங்கட இவர் ஃபோனில சொன்னவர். பலகையில ஒரு தலைக்குக் காது இல்லை, நீ இஞ்ச வந்து கதைச்சா அந்த ஆள் மட்டும்தான் தப்பலாம் எண்டு என்னைப் பகிடி பண்ணினவர். அதுக்குப் பிறகு ரெண்டு தரம்தான் கதைச்சது. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

கணவர் பெயர் யோகநாதன். சாந்தினி முன்னால் வந்தவர். அவருக்கு ஜெர்மனியில் இருந்தது தற்காலிகத் தங்கும் சீட்டு மட்டுமே. அந்தச் சீட்டை வைத்துக் கணவரை முறைப்படி அழைக்க முடியாது. ஆகவே யோகநாதன் ஏஜென்ட் வழியாகக் கிளம்பினார், லோமே வரை வந்தார். பிறகு பேச்சு இல்லை. ஏஜென்டைக் கேட்டால், எல்லை தாண்டிக் கானாவில் நிற்கிறார், ஃபோன் இல்லாத இடம், விரைவில் அனுப்புகிறோம் என்ற ஒரே பதில்.

அந்தச் சீட்டு உள்ளவர் தன் மாநிலத்தை விட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். சாந்தினி வாங்கவில்லை. ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலையில் ஒரு நாள் லீவு கேட்டு, பேருந்து ஏறி வந்திருந்தார்.

"ஆள் இருக்கிறாரோ இல்லையோ. அது ஒண்டுதான் எனக்குத் தெரியவேணும். வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

தகவல் தந்தவர் பெயரைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்றேன். சரியான பதில்தான். சொல்லும்போது எனக்கே அது கல்லாக இருந்தது.

சாந்தினி என்னைப் பார்க்கவில்லை. சோபாவைப் பார்த்தார். போர்வைக்குள் ஆள் விழித்திருப்பதை மூச்சு காட்டிக்கொடுத்தது.

"தம்பி," என்றார். "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

குகன் எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

"அண்ணை, நான் உங்களோட கதைச்சது கதைக்கு. பேப்பரில போடவோ?"

பிறகு சாந்தினியிடம் திரும்பினான். "இருங்கோ அக்கா. முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ."

அந்தச் சொல்லிலேயே பதில் இருந்தது. அவர் சமையலறைக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

பெயர்

குகன் எதிரே உட்காரவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றபடி சொன்னான்.

ஒரே வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். மழைக்காலம். யோகநாதனுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்து போன காய்ச்சல்தான். மூன்றாம் நாள் ஆளை அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினார்.

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனனாங்கள் அக்கா. ஆளைக் கைவிடேல்லை. மோட்டார்சைக்கிளில நடுவில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போனது நான்தான். அங்க பாஸ்போர்ட் கேட்டாங்கள். குடுத்தம்."

அந்த பாஸ்போர்ட் ஏஜென்ட் கொடுத்தது. இந்திய பாஸ்போர்ட். அதில் இருந்த பெயர் ஒரு முஸ்லிமின் பெயர். யோகநாதன் அடுத்த நாள் விடிய இறந்தார். ஆஸ்பத்திரியில் ஒருவர் பெயரைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பினார். அந்நிய ஊரில் சொந்தம் இல்லாமல் இறந்த மனிதர் என்று அவர்கள் உடனே வந்தார்கள்.

"நல்ல சனம். எங்களை ஒரு அலுவலும் பார்க்க விடேல்லை. வெள்ளைச் சீலை, சந்தனம் மாதிரி ஏதோ வாசம், எல்லாம் அவையே கொண்டு வந்தவை. நாங்கள் வாய் திறக்கேல்லை. பேர் பிழை எண்டு சொன்னா பாஸ்போர்ட் பிழை. ஒரு பாஸ்போர்ட் பிழை எண்டா ஏழும் பிழை."

சாந்தினி கேட்டார்: "கொள்ளி வைக்கேல்லையோ?"

"ஏலாது அக்கா. மண்ணுக்க தாட்டது."

மேல்மாடியில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

"தொழுகைக்கு எங்களையும் வரிசையில நிப்பாட்டினவை. என்ன செய்யிறதெண்டு தெரியாது. முன்னால நிண்டவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தம். நல்ல காலம், அந்தத் தொழுகையில குனியிறதில்லை. நிக்கிறதுதான். நிண்டம்."

"அது அவர்தானோ? காய்ச்சலில முகம் மாறியிருக்கும். அது வேற ஆரோவா இருக்கலாம்தானே?"

அந்தக் கேள்வியை அவர் அவனிடம் கேட்டாலும், அறையில் இருந்த எல்லாவற்றிடமும் கேட்டது போல இருந்தது. குகன் தரையைப் பார்த்தான்.

"குளிப்பாட்டேக்க சகோதரம் ஆரும் நிக்கவேணும் எண்டவை. நான் தம்பி எண்டு சொல்லி உள்ளுக்குப் போனனான். தண்ணி ஊத்தினது நான். இடுப்பில அரைநாண் கட்டியிருந்தவர். குளிப்பாட்டின கிழவர் அதைக் கண்டிட்டார். அறுக்கிறதோ எண்டு கையால கேட்டார். நான் ஒண்டும் சொல்லேல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சீலையை இழுத்து அதை மூடிப்போட்டு, குளிப்பாட்டி முடிச்சார். வெளியில வந்தும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"கறுப்பு நூலோ?"

"கறுப்பு. ரெண்டு முடிச்சு. முடிச்சில ஒரு சின்ன வெள்ளித் தாயத்து."

சாந்தினி இரண்டு கைகளாலும் தேநீர்க் கோப்பையைப் பிடித்தார். குடிக்கவில்லை. அழுகை வரும் என்று குகனும் நானும் எதிர்பார்த்தோம். அதற்காகவோ என்னவோ, இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்:

"அங்க என்ன பேர் தம்பி?"

"முகம்மது இஸ்மாயில்."

"திருப்பிச் சொல்லுங்கோ."

சொன்னான். அவர் உதடு அசைத்து அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் போல மூன்று நான்கு தடவை. பிறகு புதைத்த இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். கடலை முதுகுக்கு விட்டு நடக்க வேண்டும், வாவியைத் தாண்ட வேண்டும், பலகை அறுக்கும் மரக்காலைக்குப் பக்கத்தால் மணல் வீதி, சுவர் இடிந்த இடத்தால் உள்ளே போகலாம் என்று குகன் சொன்னான். தலைமாட்டில் கல் இல்லை. பெயரும் இல்லை. அடையாளத்துக்கு ஒரு வேப்பமரம். அங்கே வேம்பு நிறைய உண்டு என்றான்.

இதில் எதுவும் என் ஒரு பக்கக் கட்டுரையில் வரவில்லை.

பகல்

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஜெர்மனியில் இந்த மரணம் மரணமாக வேண்டும் என்றால் ஒரு சாட்சி வேண்டும். இஸ்மாயில் என்று புதைக்கப்பட்டவர் யோகநாதன்தான், நான் கூடவே இருந்தேன் என்று ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஏழு பேரில் மற்ற ஆறு பேர் எங்கே என்று குகனுக்கே தெரியாது.

குகன் தொட்டிக் குழாயைத் திறந்து, தேவையில்லாமல் கையைக் கழுவினான்.

"உங்கட வழக்கு Termin எப்ப தம்பி?" என்று சாந்தினி கேட்டார்.

"வாற மாசம்."

"சரி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை.

குளிக்க வேண்டும் என்றார். துவாய் எடுத்துக் கொடுத்தேன். நீண்ட நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் இன்னொரு சத்தமும் கேட்டது. குகன் எழுந்து போய் வானொலியைப் போட்டான், ஜெர்மன் காலநிலை அறிக்கை.

வெளியே வந்தபோது முடி நனைந்திருந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. எங்கள் இருவராலும் அவரை நேரே பார்க்க முடியவில்லை. கைப்பையைத் திறந்தார். குங்குமச் சிமிழை எடுத்தார். என் வரவேற்பறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, காலையில் வைத்த அதே இடத்தில், அதே அளவில் வைத்தார்.

"அக்கா," என்றான் குகன். "எனக்காண்டி வேண்டாம்."

"வெறும் நெத்தியோட போய் இறங்கினா கொலோன் முழுக்கக் கேக்கும், ஆர் சொன்னது, எப்பிடித் தெரியும் எண்டு. நான் என்ன சொல்ல? எங்கட சனத்தின்ர வாய் எங்கயெல்லாம் போகும் எண்டு தெரியும்தானே. நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ." கண்ணாடியில் நெற்றியைச் சரிபார்த்தார். "ஏஜென்ட் கேட்டாலும் ஓம், கானாவில நிக்கிறார் எண்டுதான் சொல்லுவன்."

பேருந்து நிலையம் வரை அவரோடு நான் போனேன். மேம்பாலத்தில் ரயில் போகும் சத்தத்துக்கு நடுவே, திதி எது என்று கேட்டார். குகனுக்குத் தேதி நினைவிருக்கவில்லை. மழைக்காலம், ஒரு வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை என்றால் போதும் என்றார். கோயிலுக்கு எப்படியும் போகிற நாள்தான், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள் என்றார்.

குகனின் மேன்முறையீடு அந்தக் குளிர்காலத்தில் நிராகரிக்கப்பட்டது. வந்த வழி குறித்து அவன் சொன்னதை நம்ப முடியவில்லை என்று தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது. அதை அவனுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். சில வாரங்களில் அவன் நாட்டை விட்டுப் போனான், எந்த வழியால் என்று நான் கேட்கவில்லை.

சாந்தினியோடு ஆண்டுக்கு இரண்டொரு தடவை பேசுவேன். சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கணவர் எங்கே என்று அலுவலகத்தில் கேட்பார்கள். லோமேயில் என்று சொல்வார். அவருடைய கோப்பில் கணவரின் தற்போதைய வசிப்பிடம் லோமே, டோகோ என்று பதியப்பட்டிருக்கிறது.